கையில் கொடுத்த இரும்பு

உங்கப்பாவை நான் கடைசியா உயிரோட பார்த்தது அன்னிக்குக் காலையில ஏழு அஞ்சுக்கு. தினம் வர்ற நேரம்தான். வண்டியைக் கொண்டுவந்து மூணாவது தூணோரமா நிறுத்தினார். சைடு ஸ்டாண்டு போடமாட்டார், எப்பவும் சென்டர் ஸ்டாண்டுதான். ஒரு மிதி, ஒரு இழு. டிபன் பையை எடுத்துக்கிட்டார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். ரயில் ஸ்டேஷனுக்குள்ள போயிட்டார். அவ்வளவுதான் தாயி. அதுக்கு மேல என்கிட்ட சொல்றதுக்கு என்ன இருக்கு?

உக்காரு. அந்த ஸ்டூலை இழுத்துக்கோ. அதுக்கு ஒரு கால் கட்டை, சுவரோட ஒட்டிப் போட்டு உக்காரு. பாசஞ்சர் ரயில் ஆறு நாப்பதுக்குத்தான். அது வரைக்கும் இங்கே ஒரு ஈ, காக்கா வராது. வண்டிங்களும் நானும்தான்.

நீ வந்து நின்னதும் 'தேன்மொழிதானே'ன்னு கேட்டேன்ல, முழிச்சே. ஜோசியம் இல்ல. உங்கப்பா வண்டிக்குப் பின்னால, நம்பர் பிளேட்டுக்கு மேல மஞ்சள் பெயின்ட்ல உன் பேருதானே எழுதியிருக்கு. பதினோரு வருஷமா அதைப் படிச்சிருக்கேன். நடுவுல பெயின்ட் மங்கிப்போச்சு, நாலு வருஷத்துக்கு முன்னால மறுபடி எழுதிட்டு வந்தார். உன் பேரு தெரியும். வண்டி நம்பர் தெரியும், முப்பத்தாறு பதினேழு. உங்கப்பா பேரு தெரியாது. சத்தியமாத் தெரியாது. எதுத்த சுவர்ல கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டினாங்க பாரு, அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. இரா. திருவேங்கடம், பள்ளி ஆய்வக உதவியாளர்னு போட்டிருந்தது. ஓ, இதுதான் பேரா, பொருத்தமான பேருதான்னு நின்னு படிச்சேன்.

தப்பா எடுத்துக்காதே. இந்தத் தொழில் அப்படி. டோக்கன்காரங்களுக்கு டோக்கன் நம்பர், மாசப் பாஸ்காரங்களுக்கு வண்டி நம்பர். என் பேரு அய்யாத்துரைன்னு அவருக்கு மட்டும் தெரிஞ்சிருக்குமா என்ன? என்னை யாரு பேரு சொல்லிக் கூப்பிடுறா. 'ஏ ஸ்டாண்டு, சங்கிலியைத் திற'ம்பாங்க. அதுதான் என் பேரு.

வண்டியை எடுத்துட்டுப் போகத்தானே வந்திருக்கே? பதினாறாம் நாள் காரியம் நேத்தோட முடிஞ்சுதா? சரி. உனக்குக் கியர் வண்டி ஓட்ட வருமா? அப்பாதான் பழக்கிவிட்டாரா? நல்லதுதான். இத்தனை நாளும் நான் யாரையும் தொட விடல தாயி. தினம் காலையில துணியால துடைச்சேன். 'செத்துப்போன ஆளு வண்டிக்கு எதுக்கு நிழல், வெயில்ல தள்ளு, என் வண்டியை விடணும்'னு ஒருத்தன் கேட்டான். வாயைக் கழுவுடான்னு சொன்னேன். அந்த மட்டுக்கும் நான் சரியா இருந்தேன்.

என்னது?

காயமா. கையிலயா. எந்தக் கை?

வலது கையா.

குளிப்பாட்டும்போது உங்கம்மா பார்த்தாங்களா. விரல் நாலுலயும் கோடு மாதிரியா. உள்ளங்கையில தோல் உரிஞ்சு. ம். ஆஸ்பத்திரியில கேட்டதுக்கு, வரும்போதே அப்படித்தான் இருந்ததுன்னுட்டாங்களா.

கீழே விழுந்தப்போ பட்டிருக்கும் தாயி. தரையைப் பாரேன், பூராவும் ஜல்லி. விழற மனுஷன் கையைத்தானே ஊணுவான். அம்மாகிட்ட அப்படியே சொல்லு. ஜல்லி கிழிச்சிருக்குன்னு சொல்லு.

நான் சொல்ல வந்தது வேற. இந்த ஜனங்களைச் சொல்லணும். நாப்பது பேரு நின்னாங்க தாயி, நாப்பத்தி மூணு பேரு. அத்தனையும் படிச்ச ஜனம். ஆபீஸ் போறவங்க, பேங்க்ல இருக்கிறவங்க, ரெண்டு பேரு வாத்தியாருங்க. நின்னாங்க. வேடிக்கை பார்த்தாங்க. ஒருத்தன் குனியல. நானும் முப்பது வருஷமா ரயில் கூட்டத்தைப் பார்க்கிறேன். அதுல ஏறி இறங்குற வரைக்கும்தான் தாயி அவங்க மனுஷங்க. ஸ்டேஷன் வாசலைத் தாண்டிட்டா அவனவன் வீட்டு நினைப்புதான் முன்னால போகுது, உடம்பு பின்னால போகுது.

என்னைக் கேட்டா, நான் அப்படி இருந்தவன் இல்ல. இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னால கிட்டங்கியில, அதான் குடோன்ல, மூட்டை எண்ணிக்கிட்டிருந்தேன். ஒரு நாள் லாரிக்காரன் ஒருத்தன் சைக்கிள்காரனை அடிச்சுப் போட்டுட்டு நிக்காமப் போயிட்டான். எல்லாரும் நின்னுக்கிட்டிருக்காங்க. நான் ஓடிப்போய்த் தூக்கினேன். யாரையும் கேட்கல, யோசிக்கல. என் மடியில போட்டுக்கிட்டு ஆட்டோவுல ஆஸ்பத்திரி போனேன். வேட்டி சட்டையெல்லாம் ரத்தம். அந்த ஆளு பிழைச்சுக்கிட்டான். நல்ல விஷயம்தானே? அதுக்கப்புறம் ஆரம்பிச்சுது பாரு. போலீஸ் ஸ்டேஷன்ல பேரு, ஊரு, அப்பன் பேரு. அப்புறம் கோர்ட்டு. ஆறு வருஷம், பதினாலு வாய்தா. ஒவ்வொரு வாய்தாவுக்கும் வேலைக்கு லீவு. என் சம்சாரம் செண்பகவல்லி கோர்ட்டு வாசல் வேப்பமரத்தடியில தூக்குச்சட்டியோட உக்காந்திருப்பா. உள்ளே இருந்து கூப்பிடவே மாட்டாங்க. சாயங்காலம் சோத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டு போவோம்.

கடைசியில ஒரு நாள் கூண்டுல ஏத்தினாங்க. லாரிக்காரன் வக்கீல் கேட்டார், 'அடிபட்டவரை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?' தெரியாதுன்னேன். 'பேசிப் பழக்கம்?' இல்லன்னேன். 'அப்போ தெரியாத ஆளை எதுக்குத் தூக்கினீங்க?'

எதுக்குத் தூக்கினேன்? நின்னேன் தாயி. ஜட்ஜய்யாவும் என்னையே பார்க்கிறார். தெரியாத ஆளை எதுக்குத் தூக்கினே? இன்னைக்கு வரைக்கும் எனக்கு அதுக்குப் பதில் தெரியல. எல்லாரும் சிரிச்சாங்க. வக்கீல் என்னமோ ஜெயிச்ச மாதிரி உக்காந்தார்.

வெளியே வந்ததும் செண்பகவல்லி என் கையைப் பிடிச்சு அவ தலையில வெச்சுக்கிட்டா. 'இனிமே தெரியாத ஆளைத் தொடமாட்டேன்னு சொல்லுங்க'ன்னா. சொன்னேன். நடு ரோட்டுல, அவ தலைமேல அடிச்சுச் சொன்னேன். இப்போ சட்டம் மாறிப்போச்சாம். ரோட்டுல அடிபட்டவனைத் தூக்கினவனை யாரும் தொந்தரவு பண்ணக்கூடாதாம். பேப்பர்ல படிச்சேன். நான் பள்ளிக்கூடம் அஞ்சாவதோட சரி, ஆனா பேப்பரை விளம்பரம் விடாமப் படிச்சிருவேன். படிச்சு என்ன. சட்டத்தை மாத்தலாம், தலையில அடிச்சதை எப்படி மாத்துறது?

அவ போய் மூணு வருஷம் ஆச்சு. அதுவும் இப்படித்தான். ரேஷன் கடை வரிசையில நின்னவ அப்படியே சுருண்டுட்டா. நான் இங்கே ஸ்டாண்டுல இருக்கேன், எனக்கு என்ன தெரியும்? வரிசையில நின்ன பொம்பளைங்க நாலு பேரு, யாருன்னே தெரியாது, வேற தெருக்காரங்க. பச்சைச் சேலை கட்டின ஒருத்தி முதல்ல ஓடியாந்து இவ தலையை மடியில எடுத்து வெச்சிருக்கா. அரிசி மூட்டை ஏத்துற மூணு சக்கர வண்டி நின்னுக்கிட்டிருந்ததாம். மூட்டையைத் தள்ளி இறக்கிட்டு, இவளைப் படுக்க வெச்சு, பெரியாஸ்பத்திரி வரைக்கும் தள்ளிக்கிட்டே ஓடியிருக்காங்க. ஒன்பது நாள் இருந்தா. நல்லாப் பேசினா. அவங்க அக்காவைப் பார்க்கணும்னா, பார்த்தா. ரசஞ்சோறு கேட்டா, நான் ஊட்டினேன். 'அந்தப் பச்சைச் சேலைக்காரி யாருன்னு விசாரிச்சு வைங்க'ன்னு ரெண்டு தரம் சொன்னா. விசாரிக்கணும்னுதான் இருந்தேன். எந்தப் பச்சைச் சேலையைன்னு போய் விசாரிக்கிறது.

சரி, அந்தக் கதை எதுக்கு இப்போ. உங்கப்பா விஷயத்துக்கு வாறேன்.

கோர்வையாச் சொன்னாத்தான் உனக்குப் புரியும். அந்தச் சங்கிலியைப் பாரு. ரெண்டு இரும்புக் கம்பத்துக்கும் நடுவுல தொங்குதே, அதுதான் இந்த ஸ்டாண்டுக்கு ஒரே வழி. ஆறு மணிக்குப் பூட்டிடணும். ரயில் கூட்டம் வந்து, வண்டியை எடுத்து வரிசையா நின்ன பிறகுதான் திறக்கணும். ஒவ்வொரு டோக்கனா வாங்கி, நம்பர் பார்த்து, ஒவ்வொரு வண்டியா விடணும். முன்னே எல்லாம் திறந்தேதான் கிடந்தது. ஒரு நாள் கூட்டத்தோட கூட்டமா ஒரு வண்டி போயிருச்சு. குத்தகைக்காரர் என் மேல திருட்டுப் பட்டம் கட்டாத குறை. அன்னிக்கு வாங்கினதுதான் இந்தச் சங்கிலியும் பூட்டும். சாவி என் இடுப்புல. இந்தா பாரு, கொத்து. நல்ல கனம். இதை அவுத்து வெச்சிட்டா எனக்கு நடையே மாறிப்போகும்.

அன்னிக்கு ரயில் பத்து நிமிஷம் லேட்டு, ஆறு அம்பதுக்கு வந்துது. உங்கப்பா எப்பவும் முதல் ஆளு. விறுவிறுன்னு வந்து வண்டியைச் சங்கிலிகிட்ட கொண்டாந்துடுவார். அன்னிக்கும் முதல்ல அவர்தான் வந்தார்.

ஆமா, வந்தார். காலையிலன்னு சொன்னேனா? நல்லாப் பார்த்தது காலையிலதான். சாயங்காலம் பார்த்ததைச் சொல்றேன், பொறு.

வேர்த்திருந்தது. மாசி மாசம், அந்த நேரத்துல அவ்வளவு வேர்வைக்கு வேலையே இல்ல. சட்டை முதுகோட ஒட்டிக் கிடந்துது. நான் பார்த்தேன். பார்த்துட்டு, பாவம், ரயில்ல இடம் கிடைக்காம நின்னுக்கிட்டே வந்திருக்கார் போலன்னு நினைச்சேன். வண்டியில சாவியைப் போட்டார். ஸ்டாண்டை எடுக்கல. சீட்டு மேல கையை ஊணிக்கிட்டு நின்னார். அப்புறம் தூணோட சரிஞ்சு, மெதுவா, யாரோ உக்காரச் சொன்ன மாதிரி உக்காந்தார். செருப்பு வாரைச் சரி பண்றார்னு நினைச்சேன். நான் இங்கேதான், நீ உக்காந்திருக்கிற இதே ஸ்டூல்ல. இதுல இருந்து அந்தத் தூணுக்குப் பதினாலு அடி. அப்புறமா ஒரு நாள் அடி வெச்சு அளந்து பார்த்தேன்.

அதுக்குள்ள கூட்டம் வந்துட்டுது. கூட்டம் வரவும் அவர் பக்கவாட்டுல சாயவும் சரியா இருந்துது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்துது. வாய் ஒரு பக்கமாப் போச்சு. 'ஏய், வலிப்பு!'ன்னு ஒருத்தன் கத்தினான். 'இரும்பு, இரும்பு! யாராச்சும் கையில இரும்பைக் கொடுங்கப்பா!' 'சாவி இருந்தாலும் போதும்!'

கேளு. நாப்பத்தி மூணு பேரு. நாப்பத்தி மூணு சட்டைப் பையிலயும் வண்டிச் சாவி. எல்லாரும் பையைத் தொட்டுப் பார்த்தாங்க. ஒருத்தரும் எடுக்கல. சாவி அவர் கைக்குப் போயிட்டா, வண்டியை எப்படி எடுக்கிறது? அவரு எந்திரிக்கிற வரைக்கும் நிக்க வேண்டியதுதானே? எனக்கு அப்பவே எரிச்சலா வந்துது. நான் எந்திரிச்சேன். இடுப்புல இருந்து கொத்தை அவுத்தேன், கூட்டத்தை விலக்கிக்கிட்டுப் போனேன், உங்கப்பா வலது கையில வெச்சு விரலை மடக்கிவிட்டேன். நான்தான் கொடுத்தேன் தாயி. வேற யாரும் கொடுக்கல.

கொஞ்ச நேரத்துல இழுப்பு நின்னுது. 'பார்த்தீங்களா, இரும்பு பட்டதும் எப்படி அடங்குது'ன்னார் ஒருத்தர், சஃபாரி சட்டை, டோக்கன் இருபத்தி ரெண்டு. கூட்டமே மூச்சு விட்டுது. நானும் விட்டேன். அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னா, ஒண்ணும் ஆகல. அதைத்தான் சொல்ல வர்றேன். இரும்பு கொடுத்தாச்சு, செய்ய வேண்டியதைச் செஞ்சாச்சு, இனி அவராத்தான் எந்திரிக்கணும்னு எல்லாரும் நின்னோம். 'என் மச்சினனுக்கும் இதே மாதிரி வரும், பத்தே நிமிஷம், எந்திரிச்சு நேரா பரோட்டாக் கடைக்குப் போயிடுவான்'னு ஒருத்தன் சொன்னான். ரெண்டு பேரு சிரிச்சாங்க. 'தண்ணி கேஸா இருக்கும்யா'ன்னான் இன்னொருத்தன். 'வாடை வரலையே'ன்னு பதில் சொன்னான் பக்கத்துல நின்னவன். அவன் குனிஞ்சு பார்க்கல, நின்னுக்கிட்டேதான் மோந்தான்.

ஏழெட்டுப் பேரு காதுல போனை வெச்சிருந்தாங்க. ஆம்புலன்சுக்குத்தான் பேசுறாங்கன்னு நான் நம்பினேன். இத்தனை பேரு பேசும்போது நான் வேற எதுக்குப் பேசணும்? என் பக்கத்துல நின்னவனும் பேசிக்கிட்டிருந்தான். காது கொடுத்தேன். 'ஆங், வந்துட்டேன், ஸ்டாண்டுலதான் நிக்கேன், நீ மாவை எடுத்து வெளியே வை'ங்கிறான்.

'யாருங்க இவரு, உங்களுக்குத் தெரிஞ்சவரா?'ன்னு சஃபாரி சட்டை என்னைக் கேட்டார்.

தெரியாதுன்னேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறே? பேரு தெரியாதுல்ல? கோர்ட்டுல கேட்ட மாதிரியே இருந்துது தாயி அந்தக் கேள்வி. தெரியும்னு சொன்னா, அடுத்ததா என்ன கேட்பாங்கன்னு எனக்குத் தெரியும். எந்த ஊரு, என்ன பழக்கம், நீ எதுக்குத் தொட்டே. மாசப் பாஸ்காரர், மத்தபடி தெரியாதுன்னேன். வண்டி பக்கத்துலயே நிக்குது, உன் பேரு அதுல இருக்கு. அப்போ அது எனக்குத் தோணல.

அப்புறம்தான் ஹாரன் ஆரம்பிச்சுது. ஒருத்தன் அடிச்சான், உடனே பத்துப் பேரு அடிச்சாங்க. நல்லா இருட்டிட்டுது, எல்லா வண்டி லைட்டும் என் மூஞ்சியில. 'ஏ ஸ்டாண்டு, சங்கிலி!' 'பிள்ளை டியூஷன்ல தனியா நிக்குது!' 'மருந்துக் கடையை அடைச்சுருவான்யா!' 'நீ என்ன டாக்டரா, அங்கே என்ன பண்றே?' எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. இடுப்பைத் தடவுறேன். சாவி இல்ல. சாவி எங்கே இருக்கு? அங்கே இருக்கு.

தாயி, இதை உங்கம்மாகிட்ட சொல்லாதே. இல்ல, சொல்றதுன்னாலும் சொல்லு. நான் என்னத்தைச் சொல்ல.

நான் போய்க் குனிஞ்சேன். கண்ணு திறந்துதான் இருந்துது. என்னைத்தான் பார்த்தார். வலிப்புக்காரங்க அப்படிப் பார்க்கமாட்டாங்கன்னு இப்போ சொல்றாங்க. எனக்கு அது தெரியுமா? 'சார், சாவியைக் கொடுங்க சார்'னு கேட்டேன். மரியாதையாத்தான் கேட்டேன். கொத்தை இழுத்தேன். அவர் பிடியை இறுக்கினார்.

ஆமா. இறுக்கினார்.

'வலிப்புப் பிடி அப்படித்தான் இருக்கும், ஒவ்வொரு விரலாப் பிரிங்க'ன்னு மேல இருந்து சஃபாரி சட்டை சொல்றார். சுண்டு விரலைப் பிரிச்சேன். அடுத்த விரலுக்குப் போறதுக்குள்ள சுண்டு விரல் மறுபடி மடங்குது. சின்னப் பிள்ளை மிட்டாயைப் பிடிச்ச மாதிரி. பின்னால ஹாரன். 'சார் விடுங்க சார், ஜனங்க நிக்குது சார்.' இந்தக் கொத்து வளையத்தைப் பாரு, இந்தப் பக்கம் பிளந்து நீட்டிக்கிட்டிருக்கா? அதோட சேர்த்துத்தான் அவர் பிடிச்சிருந்தார். எனக்கு வேற வழி தெரியல. என் ரெண்டு கையாலயும் பிடிச்சு ஒரே இழுப்பா இழுத்தேன்.

ஜல்லி இல்ல தாயி.

உதடு அசைஞ்சுது. என்ன சொன்னார்னு கேட்காதே. ஹாரன் சத்தத்துல கேட்கல. காதைக் கிட்டக் கொண்டு போயிருக்கலாம். சாவி கையில வந்துட்டுது, நான் ஓடிட்டேன்.

சங்கிலியைத் திறந்தேன். ஒவ்வொரு டோக்கனா வாங்கினேன். அந்த நிலையிலும் ஒரு டோக்கன் விடல, ஒரு வண்டி மாறிப் போகல. நாப்பத்தி மூணு வண்டி போய் முடியப் பத்து நிமிஷம், பன்னிரண்டு நிமிஷம். ஒவ்வொருத்தனும் போகும்போது, 'பாவம், பார்த்துக்கோங்க'ன்னு என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனான். சஃபாரி சட்டையும் சொன்னார். பாதிப் பேரு போன பிறகுதான் கொய்யாக்காரம்மா வந்தாங்க. பிளாட்பாரத்துல கூடையில கொய்யா விக்கிற அம்மா. என்ன கூட்டம்னு எட்டிப் பார்த்தவங்க, நேரா உள்ளே வந்து உங்கப்பா பக்கத்துல சம்மணம் போட்டு உக்காந்துட்டாங்க. நெத்தியைத் தொட்டாங்க. 'ஐஸா இருக்கேய்யா'ன்னாங்க. 'யாருய்யா நூத்தியெட்டுக்குப் பேசினது?'

நாங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம்.

யாரும் பேசல தாயி. அவ்வளவு போன் இருந்தும் ஒருத்தரும் பேசல. அந்தம்மா முந்தானையில முடிஞ்சிருந்த பட்டன் போனை எடுத்து அடிச்சாங்க. பன்னிரண்டு நிமிஷத்துல ஆம்புலன்ஸ் வந்துட்டுது. நம்ப முடியுதா? பன்னிரண்டே நிமிஷம். அதுக்கு முன்னால நாங்க நின்னது இருபது நிமிஷம் இருக்கும்.

ஸ்ட்ரெச்சர்ல ஏத்திட்டு ஆம்புலன்ஸ் பையன் கேட்டான், 'கூட யாரு வர்றீங்க?' ஆம்புலன்ஸ் சத்தத்துக்கு வந்து கூடினவங்க எல்லாரும் ஒரு அடி பின்னால வெச்சாங்க. எண்ணி வெச்ச மாதிரி ஒரே ஒரு அடி. நான் ஸ்டாண்டை விட்டுட்டு எப்படிப் போறது? நீயே சொல்லு. அந்தம்மாதான் ஏறினாங்க. கூடையை என்கிட்ட கொடுத்து, 'அண்ணே, பார்த்துக்கோங்க'ன்னாங்க. பார்த்துக்கிட்டேன். ஈரத்துணி போட்டு மூடி, இந்த மேஜைக்கு அடியில வெச்சேன். மறுநாள் அவங்க வந்து எடுக்கிற வரைக்கும் ஒரு பழம் குறையல.

உங்கப்பா ஆம்புலன்ஸ்ல ஏறின கொஞ்ச தூரத்துலயே போயிட்டார்னு அவங்கதான் வந்து சொன்னாங்க. மாரடைப்பாம். கூடையைத் தலையில ஏத்திக்கிட்டே, 'அந்த ஆளு என் கையைப் பிடிச்சுக்கிட்டே வந்தாருண்ணே'ன்னாங்க.

அவங்க பேரா? கேட்கலையே தாயி.

அழாதே. நான் என்ன செய்யணும் சொல்லு. தெரியாத ஆளைத் தொடமாட்டேன்னு சத்தியம். தொட்டதும் நான்தான். அந்த நாப்பத்தி மூணு பேருல ஒருத்தரும் அவரைத் தொடல, அவங்க நிம்மதியாத்தான் வந்து போறாங்க. காலையில டோக்கன் வாங்கும்போது 'அந்த ஆளு என்ன ஆனாரு?'ன்னு ஒருத்தர் கேட்டார். போஸ்டரைக் காட்டினேன். 'அச்சச்சோ'ன்னார். ரயிலுக்கு நேரமாச்சுன்னு ஓடினார்.

வண்டிச் சாவியா? இருக்கு, இருக்கு. அவரு வண்டியில போட்ட சாவி அப்படியே அதுலயே இருந்துது. மறுநாள் எடுத்து என் கொத்துல கோத்து வெச்சுக்கிட்டேன். எங்கேயும் தொலைஞ்சுடக்கூடாதுல்ல. இந்தா. நீயே பார்த்துக் கழட்டிக்கோ. வளையம் இறுக்கமா இருக்கும், எனக்கு நகம் பத்தாது.

என்ன தாயி, கழட்டலையா?

ஏன் அப்படி மூடிப் பிடிச்சுக்கிறே. பிளந்த பக்கம் குத்தும். மெல்ல.

மைக்ல சொல்றாங்க கேட்குதா? ஆறு நாப்பது இன்னைக்குச் சரியான நேரத்துக்கு வருதாம். இப்போ வந்துருவாங்க. நீ அந்த ஓரமா எந்திரிச்சு நில்லு, வண்டிங்க இடிக்கும். சங்கிலி பூட்டியிருக்கு பாரு.

கொடு தாயி.

தேன்மொழி. கையை விரி தாயி. வந்துட்டாங்க பாரு, அந்தா முன்னால வர்றது சஃபாரி சட்டை. ஹாரன் அடிப்பாங்க. நான் இழுக்கமாட்டேன். நீயாக் கொடு.

அதுல இப்போ எட்டுச் சாவி இருக்கு. ஆறு ஸ்டாண்டோடது, ஒண்ணு என் வீட்டோடது. எட்டாவது உங்க வண்டியோடது.